பாவு காயும்வரை அது தெருவா?

நீங்கள் வேலையில் சேர்ந்த அன்றைக்கே கட்டட, மனைப்பிரிவு விதிமுறைப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருப்பார்கள். நீங்களும் முதல் அத்தியாயத்தைத் தள்ளிவிட்டு நேராக இரண்டாவதற்குப் போயிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். முதல் அத்தியாயத்துக்குப் பெயர் சொற்பொருள் விளக்கம். மனை என்றால் என்ன, கட்டடம் என்றால் என்ன, திறந்தவெளி என்றால் என்ன என்று சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் வரிசையாக எழுதியிருக்கும். தெருவில் புரண்டு வளர்ந்த நமக்குத் தெரு என்றால் என்னவென்று ஒரு புத்தகம் வந்து சொல்ல வேண்டுமா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த அலுவலகத்தில் நான் மாட்டிக்கொண்டு முழித்த நாட்களை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி அந்த முதல் அத்தியாயத்தால் வந்தவை.

நான் இங்கே வரைவாளனாகச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். திருத்தணி ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பழைய கோப்புகள் தெலுங்கில் இருக்கும், புதிய உத்தரவுகள் ஆங்கிலத்தில் வரும், திட்டு மட்டும் தமிழில் கிடைக்கும். அப்போது எங்கள் டவுன் பஞ்சாயத்தின் செயல் அலுவலராக இருந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதானாலும் பேனாவைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றுவார். அந்த ஒரு சுற்றில் ஆடிட், சஸ்பென்ஷன், பென்ஷன் எல்லாம் அவர் கண்முன் வந்துபோகும் என்று நினைக்கிறேன். "ரூல்ல என்ன போட்டிருக்கு?" என்பதுதான் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வாக்கியம்.

சேர்ந்த புதிதில் ஒரு வைக்கோல் போர் விவகாரம் வந்தது. ஊர் ஓரத்து விவசாயி ஒருவர், பக்கத்து நிலத்துக்காரர் தன் சுவரை ஒட்டி அனுமதியில்லாமல் கட்டடம் எழுப்பிவிட்டார் என்று மனுக் கொடுத்தார். போய்ப் பார்த்தால் அது வைக்கோல் போர். சிரித்துக்கொண்டே வந்து சொன்னேன். செயல் அலுவலர் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டினார். எந்தப் பொருளால் ஆனதாயினும் சுவரோ கூரையோ உடைய எந்த அமைப்பும் கட்டடம் என்று அதில் இருந்தது. "மேல மழைக்கு வேய்ஞ்சிருக்கானா?" என்று கேட்டார். வேய்ந்திருந்தது. "அப்ப கூரை இருக்குதேய்யா" என்றார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வைக்கோல் போரின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்து வந்தேன். விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினோம். கோடை முழுக்கப் போன பிறகு பதில் வந்தது. கட்டடத்தின் தற்போதைய நிலையைத் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். தற்போதைய நிலை முழங்கால் உயரம். மிச்சத்தை மாடு தின்றுவிட்டது. அப்படியே எழுத நான் தயாராக இருந்தேன். செயல் அலுவலர் பேனாவைச் சுற்றிவிட்டு, "உரிமையாளரால் படிப்படியாக அகற்றப்பட்டு வருகிறது" என்று எழுதி அனுப்பினார். கோப்பு மூடப்பட்டது.

சில சிக்கல்களுக்கு நாம் விளக்கம் தேடிக்கொண்டிருக்கும்போதே காலம் அவற்றைத் தீர்த்துவைக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். எல்லாச் சிக்கலுக்கும் மாடு வராது என்பதைத் தெரிந்துகொள்ள இன்னும் சில வருஷங்கள் ஆயின.

எழுபதுகளின் ஆரம்பம் அது. பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருத்தணிக்கு வந்த நெசவுக் குடும்பங்கள் சில இருந்தன. லுங்கியும் வேட்டியும் நெய்கிறவர்கள். ஊருக்குள் வாடகை வீடுகளில் தறி போட்டிருந்தார்கள். தறி வீட்டுக்குள் அடங்கிவிடும். பாவு அடங்காது. துணியின் நீளவாக்கில் போகிற நூல்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதை முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டுக் காயவைக்க வேண்டும். அதற்கு நேரான, நீளமான இடம் வேண்டும், இளவெயில் வேண்டும், பாதியில் யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும். ஊருக்குள் எந்தத் தெருவில் நீட்டினாலும் யாராவது சண்டைக்கு வந்தார்கள். வீட்டுக்காரர்கள் காலி பண்ணச் சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, இருந்த நகையை விற்று, கே.ஜி.கண்டிகை போகும் வழியில் ஒரு விவசாயியிடம் புன்செய் ஒன்றை வாங்கி, மனை பிரிக்க எங்களிடம் வரைபடம் கொடுத்தார்கள். எங்கள் அனுமதி இல்லாமல் அங்கே வீடு கட்ட முடியாது, தறிக்குக் கடன் கிடைக்காது, கரண்ட் வராது. அனுமதி மறுத்தால் அந்த நிலம் அவர்களுக்கு வெறும் புல்தரைதான்.

வரைபடத்தில் இரண்டு பக்கமும் மனைகள், நடுவில் ஒரு தெரு, தெருவை ஒட்டி நீளமாக ஒரு பட்டை. பட்டைக்குள் "பாவு போடும் இடம்" என்று எழுதியிருந்தது.

செயல் அலுவலர் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். "பாவு போடும் இடம்னு ஒண்ணு ரூல்ல இல்லையே" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். நம் விதிகளின்படி ஒரு மனைப்பிரிவில் இருக்கும் ஒவ்வொரு அடி மண்ணும் மனையாக இருக்க வேண்டும், அல்லது தெருவாக, அல்லது திறந்தவெளியாக. நான்காவது பிறவி கிடையாது. மனை என்று போட்டால் யாராவது ஒருவர் பெயரில் இருக்க வேண்டும், அவர் நாளைக்கே விற்றுவிடலாம். திறந்தவெளி என்று போட்டால் அது பூங்கா. வேலி போட்டு, கேட் வைத்து, பெஞ்சு போட வேண்டும். அதோடு இவ்வளவு ஒடுக்கமாகப் பூங்கா இருக்கக் கூடாது. வரைபடத்தைத் திருப்பி அனுப்பினோம். அவர்கள் திருத்திக் கொடுத்தார்கள். மறுபடி திருப்பி அனுப்பினோம்.

அந்தக் குடும்பங்களுக்காக அலைந்தவர் முனிரத்தினம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வருவார். பேச வெட்கப்படுவார். கூடவே அவருடைய மனைவியின் தங்கை தேசம்மா வருவாள். அவள் வெட்கத்தையெல்லாம் அவரிடமே விட்டுவிட்டவள்.

"இன்னா சார், பாவு நீட்டுற எடத்துல பெஞ்சு போடச் சொல்றீங்களாமே. பெஞ்சு மேல யாரு குந்துவாங்க, நூலா?" என்றாள் ஒருநாள்.

"தேசம்மா, சும்மா இரு" என்றார் முனிரத்தினம்.

"நான் சும்மாத்தான் கீறேன் பாவா. சார்தான் பெஞ்சு கேக்குறாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அந்த வயதில் எனக்குப் புத்தி வேகமாக வேலை செய்யும் என்று ஒரு நினைப்பு. அன்று சாயங்காலம் ரப்பரை எடுத்தேன். தெருவுக்கும் பட்டைக்கும் நடுவில் இருந்த கோட்டை அழித்தேன். இப்போது ஒரே தெரு, நல்ல அகலமான தெரு. பட்டை மறைந்துவிட்டது. கோடு போடுவது மட்டும் வரைவாளன் வேலை இல்லை, எந்தக் கோட்டை அழிப்பது என்பதும் அவன் வேலைதான் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். முனிரத்தினத்திடம் விஷயத்தைச் சொன்னேன். "தெருன்னு பேரு இருந்தா பாவு போட உடுவாங்களா சார்?" என்று கேட்டார். "யாரு வந்து பாக்கப் போறாங்க" என்றேன்.

செயல் அலுவலருக்கு ஏக சந்தோஷம். விதி கேட்டதைவிட அகலமாகத் தெரு கொடுக்கிறவனை அவர் அதுவரை பார்த்ததில்லை. மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடத்திலும் அதுவரை அப்படி யாரையும் பார்த்ததில்லை. அதனால்தான் வம்பு வந்தது. ஒருவரிடமும் மாட்டுவண்டிகூட இல்லாத நெசவாளிகளுக்கு இவ்வளவு அகலமான தெரு எதற்கு, இதில் ஏதோ விஷயம் இருக்கிறது, நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

அதிகாரிகள் எப்போது வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். காபி, டிபன், பேப்பர் எல்லாம் முடித்து, வெயில் ஏறிய பிறகு. அனுமதிக்குக் காத்திராமல் அவர்கள் அங்கே பாவு போடத் தொடங்கியிருந்தார்கள்தான், ஆனால் அதற்குள் பாவு காய்ந்து, சுருட்டி, வீட்டுக்குப் போய்விடும். மூங்கில் கால்களையும் முளைக்குச்சிகளையும் அவர்கள் அன்றன்றே பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தெரு துடைத்துவிட்டதுபோல் இருக்கும். ஆகவே எனக்குக் கவலை இல்லை.

ஆனால் வந்த அதிகாரி பக்தர். ஆய்வை வேண்டுமென்றே கிருத்திகையில் வைத்துக்கொண்டார். விடிவதற்கு முன்பே மலையேறி சாமி பார்த்துவிட்டால் பயணப்படியும் ஆயிற்று, புண்ணியமும் ஆயிற்று. சாமி பார்த்து, டிபன் முடித்துத்தான் நிலத்துக்கு வருவார் என்று நம்பி நான் மலையடிவாரத்தில் போய்க் காத்திருந்தேன். காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போயிற்று. அவருடைய ஜீப் அதில் நெடுநேரம் மாட்டிக்கொண்டது. அவர் கோபப்படவில்லை. இறங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தரிசனம் முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு, "வாய்யா, அந்த லேஅவுட்டையும் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றார். சூரியன் அப்போதுதான் பனைமரத்துக்கு மேல் வந்திருந்தது.

நான் வானத்தைப் பார்த்தேன். அது ஐப்பசி மாதம். ஒரு வாரமாக விடாமல் மழை. அன்றைக்குத்தான் வானம் வெளுத்திருந்தது. ஒரு வாரம் பாவு போடாமல் பட்டினி கிடந்தவர்கள் அன்றைக்கு என்ன செய்வார்கள்?

நான் நினைத்தது போலவே ஆயிற்று. வீடு ஒன்றுகூட எழும்பாத அந்த நிலத்தில், தெருவுக்கென்று விட்ட இடம் முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பாவு. ஒன்றல்ல, அத்தனை குடும்பத்துப் பாவும் பக்கத்தில் பக்கத்தில். சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கஞ்சியில் ஊறி மின்னிக்கொண்டிருந்தன. ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் பிரஷ்ஷோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அழகாக இருந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. அன்றைக்கு நான் அழித்த கோடுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஜீப் நின்றது. அதிகாரி அந்த முனைவரை போய்ப் பார்க்க வேண்டும் என்றார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அங்கியே நிறுத்துங்க! சேறு தெறிக்கும்!" என்று தேசம்மா கத்தினாள்.

அதிகாரி இறங்கினார். "என்ன இது? எடுக்கச் சொல்லு."

முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். தேசம்மாதான் சொன்னாள். "இப்பத்தான் கஞ்சி போட்டுகினு கீறோம் சார். ஈரத்தோட சுருட்டினா நூலுக்கு நூல் ஒட்டிக்கும். அப்புறம் பிரிக்கவே முடியாது, தூக்கிக் குப்பையிலதான் போடணும். தீபாவளிக்குக் குடுக்க வேண்டிய துணி சார், எல்லாரோடதும்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "வரைபடத்துல தெருன்னு போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"இது தெருவா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

அந்த நிமிஷத்தை நீங்கள் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். தெரு என்று சொன்னால் பாவு இடையூறு. உடனே எடுக்க வேண்டும். அத்தனை குடும்பத்து நூலும் அந்த இடத்திலேயே நாசம். இனிமேலும் அங்கே போட முடியாது, போட முடியாத இடத்தில் அவர்களுக்கு மனை எதற்கு? தெரு இல்லை என்று சொன்னால் எந்த மனைக்கும் வழி இல்லை. வழி இல்லாத மனைக்கு அனுமதி இல்லை. புன்செய் புன்செய்யாகவே கிடக்கும். இரண்டு பதிலும் தயாராக இருந்தன, இரண்டுமே கொலைகாரப் பதில்கள். செயல் அலுவலர் அங்கே இருந்திருந்தால் பேனாவைச் சுற்றியிருப்பார். என்னிடம் பேனாகூட இல்லை.

என் கண் அவர் நெற்றி விபூதியில் போய் நின்றது.

"தெருதான் சார்" என்றேன்.

"அப்ப எடுக்கச் சொல்லு."

"காலையில மலையடிவாரத்துல நம்ம ஜீப் நின்னுதே சார், காவடி போகட்டும்னு. அதுவும் தெருதானே? நீங்க காவடியை எடுக்கச் சொல்லலையே சார்."

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். போனால் கனகம்மாசத்திரத்தில் அண்ணன் வைத்திருந்த டீக்கடையில் கிளாஸ் கழுவலாம் என்றுகூட மனது ஓடிவிட்டது.

"சாமியும் லுங்கியும் ஒண்ணாய்யா?" என்றார்.

பிரஷ்ஷை நிறுத்தாமலே தேசம்மா சொன்னாள். "காவடி எடுக்கறவங்க கட்டிகினு போற மஞ்ச வேட்டியும் நாங்க நெய்யறதுதாங்க சார்."

அதிகாரி குனிந்து பாவைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு, பாவுகளுக்கு ஓரமாக, சேற்றில் கால் வைத்து அந்த முனைவரை நடந்து போனார். நடந்து திரும்பினார். பக்தியால் கழற்றினாரா, செருப்பு புதிது என்பதால் கழற்றினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வந்ததும், "நீ சொன்னதை எழுத்துல குடு. தெருன்னா என்னன்னு எழுது. நான் இங்கேயே பார்க்கணும்" என்றார். அவருடைய பேனாவையே வாங்கி, ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை வைத்து எழுதினேன்.

"தெரு என்பது பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள இடம். வழக்கமான தொழிலுக்காகவோ விழாவுக்காகவோ சிறிது நேரம் போக்குவரத்து நிறுத்தப்படுவதால் மட்டும் அது தெரு அல்லாததாகிவிடாது. அவ்வாறு நிறுத்துவது இடையூறாகவும் கருதப்படாது."

அவருக்குப் பிடித்துப்போயிற்று. நீளமாக இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். இதை உள்ளூர் நிபந்தனைகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார். மனைப்பிரிவுக்கு அனுமதி கிடைத்தது. முனிரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நல்லா இருப்பே நைனா" என்றார். அதுவரை என்னை யாரும் ஒரு வாக்கியம் எழுதியதற்காக வாழ்த்தியதில்லை.

இந்த இடத்தோடு கதையை முடித்தால் நான் பெரிய ஆள். ஓய்வுபெற்றவர்கள் பலர் இப்படிச் சரியான இடத்தில் முடித்துவிடுகிறார்கள். அவர்களை நம்பாதீர்கள்.

அந்த வாக்கியத்தை நெசவாளிகளுக்காக எழுதினேன். ஆனால் அதில் பாவு என்ற பேச்சே இல்லை. விதி என்றால் பொதுவாகத்தானே இருக்க வேண்டும்? பொதுவாக இருந்ததால் பொதுமக்கள் எடுத்துக்கொண்டார்கள். முதலில் எடுத்தவர் ஒரு கல்யாண மண்டபக்காரர். திருத்தணியில் முகூர்த்த நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மண்டபத்துக்குள் இடம் போதவில்லை என்று முன்னால் இருந்த தெருவில் பந்தலைப் போட்டார். பந்தலுக்கு அடுத்து அடுப்பு. அடுப்புக்கு அடுத்து விறகு. பிறகு நாற்காலி, மேளக்காரர்கள், வாழைமரம். முகூர்த்தம் முடிந்தால் வரவேற்பு, அது முடிந்தால் அடுத்த வீட்டு முகூர்த்தம். சிறிது நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று நான் எழுதவில்லையே. தை மாதம் முழுக்க அந்தத் தெரு அவருடையதாயிற்று.

ஒருநாள் கனகம்மாசத்திரத்திலிருந்து வந்த பஸ் அந்தப் பந்தலில் மாட்டி நின்றது. உள்ளே எங்கள் செயல் அலுவலர் இருந்தார். இறங்கிப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். மண்டபக்காரர் அவரை உட்காரவைத்து, இலை போட்டு டிபன் பரிமாறி, என் வாக்கியத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார். "வழக்கமான தொழில் சார், விழாவும்தான். ரெண்டுமே நம்மகிட்ட இருக்கு" என்றாராம். செயல் அலுவலர் அலுவலகத்துக்கு வந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. சட்டையில் சாம்பார் சிந்தியிருந்தது.

அடுத்த கூட்டத்திலேயே அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டார்கள். பாவுக்கென்று தனியாக ஒரு வரி எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். "நீ இதுவரைக்கும் எழுதினதே போதும்யா" என்றார் செயல் அலுவலர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

விஷயத்தைத் தேசம்மாவிடம் சொல்லப் போனேன். அதற்குள் தெருவில் பாதி வீடுகள் எழும்பியிருந்தன. உள்ளே தறிச் சத்தம். அவள் வாசலில் நின்று முழுக்கக் கேட்டாள். "எங்களுக்குனு ஒண்ணு குடுத்துட்டு ஊருக்கெல்லாம் பங்கு வச்சிட்டீங்களே சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வம்பு அதோடு ஓயவில்லை. பந்தல் போட முடியாமல் போன மண்டபக்காரருக்கு வயிற்றெரிச்சல். தனக்கு இல்லாதது நெசவாளிகளுக்கு எதற்கு என்று ஒரு மனு எழுதினார். அப்போது நம் செயல் அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார், தல ஆய்வு செய்யும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. மனுவைப் படித்தேன். இப்போது எந்த விளக்கமும் அவர்கள் பக்கம் இல்லை. தெரு தெருதான், பாவு இடையூறுதான். நான் போய்ப் பார்த்து, இருக்கிறது என்று எழுதினால் அடுத்த நாளே நோட்டீஸ். கையெழுத்தும் என்னுடையது.

மனுவை இன்னொரு முறை படித்தேன். புகார் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடந்ததைக் கொஞ்சம் கூடுதலாக எழுதுவார்கள். அவரும் எழுதியிருந்தார். "மேற்படி தெருவை இரவு பகலாக எந்நேரமும் அடைத்து வைத்திருக்கிறார்கள்."

நான் உச்சிவெயிலில் போனேன். மண்டபக்காரரையும் வரச் சொல்லியிருந்தேன். தெருவில் ஒரு குச்சி கிடையாது. ஒரு நாய் மட்டும் நிழலில் படுத்திருந்தது.

"எங்கேங்க இடையூறு?" என்றேன்.

"காலையில வந்து பாருங்க சார்! காலையிலதான் போடுவாங்க!"

"எந்நேரமும்னு எழுதியிருக்கீங்களே. இதுவும் ஒரு நேரம்தானே?"

அவர் வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார். "ஆய்வின்போது இடையூறு எதுவும் காணப்படவில்லை" என்று எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கதவைத் திறந்துகொண்டு தேசம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், இந்த வெயில்ல வந்துகினு? காலையில வந்தா ஜில்லுனு இருக்குமே."

"காலையில எனக்குக் கண் சரியாத் தெரியாதும்மா" என்றேன்.

"ஆங்" என்றாள். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

அதன்பின் அவர் மனுக் கொடுப்பதும், நான் உச்சிவெயிலில் போவதும், ஒன்றும் இல்லை என்று எழுதுவதுமாகப் பல வருஷங்கள் ஓடின. அவர் ஒருமுறைகூட அந்த "எந்நேரமும்" என்ற சொல்லை விடவில்லை. கோபக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்த சொல். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு நட்பே வளர்ந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். என் மகள் கல்யாணத்தை அவர் மண்டபத்தில்தான் நடத்தினேன். வாடகையில் ஒரு பைசா குறைக்கவில்லை.

இப்போது நான் ஓய்வுபெற்றுவிட்டேன், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மண்டபத்தை மகன் பார்த்துக்கொள்கிறான். படித்த பையன். அவன் எழுதிய மனு ஒன்று உங்களில் யாருடைய மேஜைக்கோ வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் எந்நேரமும் என்ற சொல்லே இல்லையாம். "விடிந்தது முதல் வெயில் ஏறும்வரை" என்று எழுதியிருக்கிறானாம். கெட்டிக்காரன். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டான்.

ஆகவே என் உச்சிவெயில் உங்களுக்கு உதவாது. என் வாக்கியமும் உதவாது, அதை அடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. நீங்கள் விடிகாலையில்தான் போயாக வேண்டும். அப்போது தெரு முழுக்கப் பாவு ஈரமாக இருக்கும். தேசம்மாவும் அவள் மருமகளும் பிரஷ்ஷோடு நிற்பார்கள். பக்கத்தில் அந்தப் பையன் நின்று, இது தெருவா இல்லையா என்று உங்களைக் கேட்பான். அன்றைக்கு எனக்கு இருந்த அதே இரண்டு பதில்கள்தான் உங்களுக்கும் இருக்கும். எனக்கு இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை, அதற்கு வயது மட்டும் காரணம் இல்லை.

என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர முடியாது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரிந்திருந்தாலும் உடனே வாயைத் திறக்காதீர்கள். புத்தகத்தைப் புரட்டுங்கள், முதல் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள், டேப்பைப் பிரித்து அளங்கள், சந்தேகம் வந்தால் மறுபடி அளங்கள். பாவு காய எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் யோசியுங்கள்.